படத்துக்குப் பக்கத்து ஆணி

கேமராவை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்தது நான்தான். வீட்டுக்கார அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார். பின்னால் நடந்ததற்கு வேறு யார் தலையிலாவது பழியைக் கட்ட இடமிருக்கிறதா என்று பல நாள் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. என் சின்ன மகளை மன்னார்குடியில் அந்த வீட்டில் ஏழு மாதம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பக் கூட்டி வந்தபோது முழுதாகக் கூட்டி வந்தேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு ஏற்பாடு செய்வதில் ஒரு வெறி உண்டு. கல்யாணமோ காரியமோ, என்னிடம் விட்டால் போதும், சமையல்காரரிலிருந்து செருப்பு கழற்றும் இடம் வரை எழுதி வைத்துவிடுவேன். "உன்னக் கலெக்டரா போட்டிருந்தா இந்தப் பக்கம் வெள்ளமே வந்திருக்காது" என்று என் கணவர் கிண்டல் செய்வார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அவருடைய கம்பெனி, நாங்கள் குடும்பத்தோடு இருந்த ஷார்ஜாவில் வேலையை முடித்துக்கொண்டு அவரை ஓமானுக்கு அனுப்பியது. மஸ்கட்டிலிருந்து பல மணி நேரம் உள்ளே தள்ளி, பாலைவனத்தில் ஒரு சைட். எனக்கு மஸ்கட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்குத்தான் வழியில்லை. அவர்களுக்கு விசா வர மாதக்கணக்காகும் என்றார்கள். அங்கே பள்ளியில் ஏப்ரலில்தான் இடம் கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை பெரியவளையும் சின்னவளையும் எங்காவது வைத்துப் படிக்கவைக்க வேண்டும். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு ஆறு. ஏழு மாதம்தானே, ஏழு மாதம்தானே என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு அம்மா அப்பா இல்லை. மாமனார் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கிராமத்தில் சாகுபடியைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். தனக்கே ஒரு வேளை பொங்கி மூன்று வேளை சாப்பிடுகிறவர். அவர்தான் மன்னார்குடியில் அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தார். வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளைப் படிப்புக்காக வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் மன்னார்குடிக்குப் புதிதில்லை. இந்த அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை குட்டி கிடையாது. கணவர் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சின்னது முட்டை திங்குமா?" என்பது. இவர் போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பள்ளியில் கொஞ்சம் இழுத்தார்கள். நடுவில் சேர்த்து நடுவில் கூட்டிக்கொண்டு போவதற்கு எதற்கு இங்கே என்று தலைமையாசிரியர் கேட்டார். உள்ளூரில் பாதுகாவலர் யார், டைரியில் தினமும் யார் கையெழுத்துப் போடுவார் என்றார். அக்கா வந்து கையெழுத்துப் போட்டார். இரண்டு செட் யூனிஃபார்ம், ஷூ, பஸ் வேண்டாம், நடக்கிற தூரம், பெரியவளுக்கு மட்டும் சாயங்கால டியூஷன். நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. கடைசியாக மீதியிருந்தது கேமரா.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் இப்போது கேமரா இல்லாத கூடம் அபூர்வம். வயதான அப்பா மாத்திரை போட்டாரா, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்களா, எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்ப்பார்கள். நான் வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைக் கேமரா. முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். நான் போனில் பேசினால் அதற்குள்ளிருந்து என் குரல் வரும்.

கூடம் முழுவதும் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உள் அறை வாசலுக்கு மேலே அக்காவின் கணவர் படம் மாட்டியிருந்தது. சந்தன மாலை, நெற்றியில் குங்குமப் பொட்டு, படத்துக்குக் கீழே பகலிலும் எரிகிற சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அந்தப் பல்புக்காகப் போட்ட பிளக் பாயின்ட் பக்கத்திலேயே இருந்தது. படத்துக்கு அருகில் ஒரு ஆணியும் சும்மா இருந்தது. கேமராவின் முதுகில் ஆணியில் மாட்ட ஓட்டை இருந்தது. எனக்கு வேலை சுலபமாகிவிட்டது.

"அங்க வேணாம் தங்கச்சி" என்றார் அக்கா.

"ஏங்க்கா?"

"உசுரோட இருக்கறவங்கள அவங்களுக்குப் பக்கத்துல மாட்டக்கூடாது."

"இது கேமராதானேக்கா. என் போட்டோவா?"

அவர் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஆணி எனக்குன்னு அடிச்சு வச்சது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்க நூறு வருஷம் இருப்பீங்க. அதுவரைக்கும் எனக்கு வாடகைக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவை மாட்டினேன்.

மறுநாள் காலை டாக்ஸி வந்து நின்றது. பெரியவள் அழுது முடித்திருந்தாள். சின்னவள் மட்டும் என் துப்பட்டாவை விடவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து கேமராவைக் காட்டினேன். "அம்மா எங்கயும் போகல. அதோ மேல இருக்குல்ல, அங்கேருந்து உன்னப் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றேன்.

அவள் கேமராவைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அக்கா கணவரின் படத்தையும் பார்த்தாள். "பெரியப்பா மாதிரியா?"

டாக்ஸிக்காரர் இரண்டாவது தடவை ஹாரன் அடித்துவிட்டார். திருச்சி விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஆமா, பெரியப்பா மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டு அவளை அக்காவின் இடுப்பில் மாற்றிவிட்டு ஓடினேன். அவள் சமாதானமாகிவிட்டாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஓமானில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது. வேறு ஆப்கள் உண்டு, பாதி நேரம் தொங்கும். போதாததற்கு, பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம் எனக்கு லேபில் உச்சகட்ட நேரம். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிஷ வீடியோ எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பிவிடுவேன். சாப்பிட்டியா, நல்லா படிக்கணும், பெரியம்மா சொல்றதக் கேக்கணும். தினமும் இதேதான். சில நாள் நேரமில்லாமல் பழைய வீடியோவையே திரும்ப அனுப்பியிருக்கிறேன். அவளுக்கென்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

வேலைக்கு நடுவில் கை கழுவப் போகும்போது கேமராவைத் திறப்பேன். சின்னவள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். "பாப்பா, பால் குடிச்சியா?" என்பேன். என் குரல் மன்னார்குடி போய்ச் சேர ஐந்தாறு வினாடி ஆகும். அவள் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்லத் தொடங்குவாள். அது என்னிடம் வந்து சேர்வதற்குள் யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில், "பதில் சொல்ல வேணாம் பாப்பா, தலைய ஆட்டுனா போதும், அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் அவள் மேலே பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அக்காவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. குளித்துவிட்டு வந்ததும் படத்தின் முன்னால் நின்று கணவரிடம் பேசுவார். இன்னிக்கு மழ வரும்போல இருக்கு, ரேஷன்ல பருப்பு போடல, சின்னது ராத்திரி இருமுனுச்சு, இப்படி. சாயங்காலம் போனில் கணவருடைய பழைய வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். வயலில் அறுவடை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் திரும்பி, "என்ன, சாப்பிட்டியா?" என்று கேட்கிற வீடியோ. என் வீடியோவும் அந்தப் போனில்தான் இருந்தது. சின்னவள் அக்காவின் மடியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தாள். இதையெல்லாம் நான் கேமராவில் கண்ணால் கண்டேன். கண்டும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஐப்பசி மழையில் அடிக்கடி மின்சாரம் போனது. கேமராவின் சிவப்பும் படத்தின் சிவப்பும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்திருக்கும். மின்சாரம் வந்ததும் என் போனில் படம் தெரியும். அப்போதெல்லாம் சின்னவள் கேமராவுக்கு நேர் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வருவதற்காகக் காத்திருக்கிறாள் என்று என் நெஞ்சு நிறைந்துபோகும்.

அவள் ஒரு நாளும் அழவில்லை. லேபில் என்னோடு வேலை பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பும்போது, "எங்க சின்னவ அழுததே இல்ல, ஒரே வாரத்துல பழகிட்டா" என்று பீற்றிக்கொள்வேன். நல்ல ஏற்பாடு என்றால் இப்படித்தான் என்று எனக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தை அமாவாசை வந்தது. அன்றைக்கு எனக்கு விடுமுறை, காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கணவருக்குப் படையல் போட்டார். படத்துக்குக் கீழே இலை விரித்துச் சோறு, சாம்பார், வாழைக்காய் வறுவல், வடை, பாயசம். அவருக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் பக்கோடாவும் வைத்தார். கற்பூரம் காட்டி முடித்து, காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போனார். அப்போது சின்னவள் ஒரு தட்டை எடுத்து வந்தாள். அதில் ஒரு வடை, ஒரு எள்ளுருண்டை. எள்ளுருண்டை எனக்கு உயிர். தட்டைக் கேமராவுக்கு நேர் கீழே வைத்தாள். திரும்பப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் காட்சியை அப்படியே படமாகப் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். "என் தங்கம் எனக்குச் சாப்பாடு போடுது பாருங்க. தண்ணிகூட மறக்கல" என்று எழுதினேன். முப்பது பேர் இதயம் போட்டார்கள். மாமனார் மட்டும் எதுவும் போடவில்லை. மூன்று நாள் கழித்து அவர் போன் செய்து, "பிள்ளய ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போம்மா" என்றார். விமானம் என்ன மன்னார்குடி டவுன் பஸ்ஸா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் படத்தை என் போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் விசா வந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போக நான் மட்டும் வந்தேன். தஞ்சாவூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து பூத்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. சின்னவள் ஓடிவந்து மேலே விழும்போது தடுமாறாமல் இருக்கப் பையை எந்தத் தோளில் மாட்டிக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு ஏற்பாடு.

கிரில் கதவை அவள்தான் திறந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"புதுச் செருப்பு, நல்லாருக்கா?" என்றேன்.

"உள்ள வாங்க" என்றாள், வீட்டுக்கு வந்த வேற்று மனுஷியிடம் சொல்வதுபோல. பிறகு கூடத்துக்குள் ஓடி, கேமராவுக்குக் கீழே நின்று மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் மேலே பார்த்தாள். நான் பையைப் போட்டுவிட்டு அவளை அள்ளிக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் இருந்தாள். கீழே விட்டதும் அக்காவின் முந்தானைக்குள் போய்விட்டாள்.

அன்று முழுவதும் என் கையால் எதையும் சாப்பிடவில்லை. நான் இருக்கும் அறையில் தனியாக நிற்கவில்லை. பெரியவள் என் தோளைவிட்டு இறங்காமல் பேசிக்கொண்டேயிருந்தாள். சின்னவள் அக்கா போன இடமெல்லாம் போனாள். எனக்குத் தாங்கவில்லை. "பிள்ளகிட்ட என்னக்கா சொல்லி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேவிட்டேன். அந்தக் குரலில் கேட்கக் கூடாது என்று கேட்கும்போதே தெரிந்தது.

"ஒண்ணும் சொல்லல தங்கச்சி. உங்க பேச்ச எடுத்தாலே அது மூஞ்சி சுண்டிப்போவும். அதுனால நானும் எடுக்குறதில்ல" என்றார்.

நான் நம்பவில்லை. ஏழு மாதத்தில் என் பிள்ளையை இவர் தன் பிள்ளையாக்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். முட்டையை எடுத்து வைத்தது, தலை வாரியது, இருமலுக்குக் கஷாயம் வைத்தது எல்லாம் எனக்கு அன்று குற்றமாகத் தெரிந்தது.

மறுநாள் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போனேன். சின்னவளின் வகுப்பாசிரியை சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். "பாப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"அம்மா."

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். சேந்த புதுசுல உங்கம்மா எங்கன்னு கேட்டேன். மேல கையக் காட்டுச்சு. டைரியிலயும் கார்டியன் கையெழுத்துதான் இருக்கும். நான் அதுக்கப்புறம் எதுவும் கேக்கல."

"ஏரோப்ளேனச் சொல்லியிருப்பா" என்று சிரித்தேன்.

"இருக்கும் மேடம்" என்றார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. சின்னவளின் தலையில் கையை வைத்து ஒரு பென்சில் டப்பா கொடுத்தார். எனக்கு என்னவென்று தெரியாமலே பயம் வந்தது.

வரும் வழியில் ஸ்டூடியோவில் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தோம், மஸ்கட் பள்ளியில் கேட்பார்கள் என்று. வெள்ளைப் பின்னணி, சிரிக்கக் கூடாது, ஆளுக்கு எட்டுப் பிரதி. வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து அவற்றைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் சமையலறை வாசலில் நின்றபடி தன் முகம் வரிசையாகத் தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எத மாட்டுவீங்க?" என்று கேட்டாள். வந்த பிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"எங்க மாட்டுறது?"

"மேல." பிறகு கேட்டாள், "பொட்டு நீங்க வைப்பீங்களா, பெரியம்மா வைப்பாங்களா?"

நான் கத்தரிக்கோலைப் பிடித்தபடி விளங்காமல் சிரித்தேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். "நான் அழ மாட்டேன். ஆனா நான் உங்ககூட வரல. எனக்கு மேல இருக்கப் பயமா இருக்கு."

நான் மேலே பார்த்தேன். படம், அதன் கீழே சிவப்பு விளக்கு. பக்கத்து ஆணியில் கேமரா, அதில் ஒரு சிவப்பு விளக்கு. எள்ளுருண்டை, தண்ணீர், கூப்பிய கை. பெரியப்பா மாதிரியா என்று அவள் கேட்டது, ஆமாம் என்று நான் சொன்னது. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. என் பிள்ளை எனக்குப் படையல் போட்டிருக்கிறாள். நான் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

பெரியவள் மடித்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியலம்மா. என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. ஒரு தடவ மட்டும், அம்மாவுக்கு வலிச்சிருக்குமான்னு கேட்டா. நீ ஊசி போடுற வேல பாக்குறதால கேக்குறான்னு நெனச்சேன். வலிச்சிருக்காதுன்னு சொன்னேன்."

அக்கா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் சொன்னேன் தங்கச்சி. அழுதா மேல இருக்கறவங்களுக்குப் பொறுக்காதுன்னு. இவர நெனச்சுச் சொன்னேன். நெசமா இவர நெனச்சுத்தான் சொன்னேன்."

ஏழு மாதம் அவள் அழாமல் இருந்தது அதனால்தான். பழகிவிட்டாள் என்று நான் கர்வப்பட்டதெல்லாம் ஒரு ஆறு வயதுப் பிள்ளை தன் அம்மாவுக்குக் காத்த துக்கம். அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தரையில் காலை நீட்டிக்கொண்டு, "தொட்டுப் பாரு" என்றேன். அவள் வெகுநேரம் கழித்து வந்து கட்டைவிரலை ஒரு விரலால் தொட்டாள். பேய்க்குக் கால் இருக்காது என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் தலையை மெல்ல இழுத்து என் நெஞ்சில் வைத்தேன். காதை வைத்துக் கேட்டாள். "உள்ள சத்தம் வருது" என்று பெரியவளிடம் திரும்பிச் சொன்னாள். என்னால் முடியவில்லை, உடைந்து அழுதேன். அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

"அழாதீங்க. அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று மேலே காட்டினாள். காட்டியது படத்தையல்ல, கேமராவை.

"அது நான்தான்டி. அங்கேருந்து பேசுனது நான்தான்."

அவள் யோசித்தாள். "அப்ப இப்ப மேல யாரு?"

அது வெறும் மிஷின், ஒருத்தரும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதம் அவள் பேசிய, கும்பிட்ட, சோறு வைத்த இடத்தில் ஒருத்தருமே இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அதுவும் நான்தான்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சொல்லிக் கொடுத்த அதே ஆட்டல்.

எழுந்து ஸ்டூலை இழுத்தேன். அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் போலிருந்தது. "எடுக்காதீங்க" என்று அவள் அலறினாள். அந்த வீட்டில் அவள் போட்ட முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும். நான் இறங்கிவிட்டேன். "இருக்கட்டும் தங்கச்சி" என்றார் அக்கா. "நான் பாத்துக்கிறேன்."

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. மஸ்கட்டில் நாலாவது படிக்கிறாள். மன்னார்குடியைப் பற்றிக் கேட்டால் பெரியம்மா வைக்கும் முட்டைக் குழம்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது சில நாள் ஒன்றும் சொல்லாமல் என் காலைப் பார்ப்பாள். நானும் ஒன்றும் கேட்பதில்லை, கொஞ்சம் நின்று காட்டிவிட்டுப் போவேன். குரூப்பில் போட்ட அந்தப் படத்தை அழித்துவிட்டேன். முப்பது பேர் போனில் அது இருக்கத்தான் செய்யும்.

கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சனிக்கிழமை காலை. டாக்ஸி வந்துவிட்டது. பெரியவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சின்னவள் வருவாளா மாட்டாளா என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. அடம் பிடித்தால் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். வேறு எந்த ஏற்பாடும் என்னிடம் இல்லை. நான் கிரில் கதவருகே பெட்டியோடு நின்றேன். அக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சின்னவள் ஷூ போட்டுக்கொண்டாள். பிறகு ஷூவைக் கழற்றினாள். சமையலறைக்குப் போய் ஒரு பிஸ்கட்டும் டம்ளரில் தண்ணீரும் எடுத்து வந்தாள். கூடத்தில் ஆள் நடமாடினால் கேமரா என் போனுக்குச் சேதி அனுப்பும். என் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துத் திறந்தேன்.

திரையில், மேலிருந்து பார்க்கும்போது, என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்த நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத முகம் அது. அவளுக்குப் பின்னால் வெகுதூரத்தில் வாசல் வெளிச்சத்தில் யாரோ ஒருத்தி பெட்டியோடு குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் போயிட்டு வரேன். இவங்க நல்லவங்களாத்தான் இருக்காங்க" என்று கூடத்திலிருந்து அவள் குரல் நேராகக் கேட்டது. "நீ சாப்புடு. அழாத."

பிறகு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய விரல்கள் வந்து என் சுண்டுவிரலைப் பிடித்தன. போனில் ஐந்தாறு வினாடி பின்தங்கித்தான் எல்லாம் வரும். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, திரையில் இன்னும் கூடத்தில் குனிந்து எனக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.